ப்ரீ-கே அட்மிஷனும், நாங்க ‘அமெரிக்கன் இந்தியன்’ ஆன கதையும்

பொண்ணுக்கு ப்ரீ-கே (கிண்டர்கார்டனுக்கு முந்தின கிளாஸ்) அட்மிஷன் ஒரு வழியா முடிஞ்சுது. முக்கால்வாசி முடிஞ்சுதுன்னு சொல்லணும், மிச்சத்த கடைசில சொல்றேன். நாங்க டல்லஸ் பக்கம் குடி வந்து கொஞ்ச மாசந்தான் ஆகுது. டெக்சாஸ்ல செப்டம்பர் 1க்குள்ள நாலு வயசு ஆகியிருந்தா பப்ளிக் ஸ்கூல் ப்ரீ-கேக்கு போடலாம், ஆனா எல்லாருக்கும் ஃப்ரீ இல்ல. சம்பளக் கணக்குல எங்களுக்கு கிடைக்காது. குழந்தைக்கு இங்கிலீஷ் பேசவும் புரிஞ்சுக்கவும் வராதுன்னா கிடைக்கும். அப்படி தகுதி இருந்தா 2019 சட்டப்படி நாலு வயசுக்காரங்களுக்கு முழு நாள் கிளாஸே உண்டு. எங்க பொண்ணு பாட்டி கையில வளந்தவ, வாயத் தொறந்தா தமிழ்தான். இங்க வந்ததுலேந்து “இங்கிலீஷ் சொல்லித் தரலயா?”ன்னு கேட்ட அத்தனை பேர் மூஞ்சியும் ஞாபகத்துக்கு வந்துச்சு.

அட்ரஸ் ப்ரூஃப்ல ஒரு ட்ரிப் வேஸ்ட். லீஸ் பேப்பர்ல கையெழுத்துப் பக்கத்த பிரிண்ட் எடுக்காம போயிட்டேன், ஃபோன் பில்லும் செல்லாதாம். கரண்ட் பில் எடுத்துட்டுப் போங்க, போதும்.

ஊசி கார்டுதான் உயிர எடுத்துடுச்சு. எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்கான ஊசி) முதல் டோஸ் முதல் பிறந்தநாள் அன்னைக்கோ அதுக்கப்புறமோ போட்டிருந்தாதான் இங்க கணக்கு, ஊர்ல ஒம்பது மாசத்துல போடறது செல்லாது. அடுத்த டோஸ் போட்டிருக்கே, கார்டுல 08/11ன்னு இருக்கேன்னு காமிச்சேன். நர்ஸ் பாத்துட்டு அதுவும் செல்லாதுங்கறாங்க. என்னடான்னு பாத்தா அவங்க அத ஆகஸ்ட் 11ன்னு படிக்கறாங்க, பொண்ணு பொறந்தது ஆகஸ்ட் 20, அப்ப முதல் பிறந்தநாளுக்கு ஒம்பது நாள் குறையுதாம்! அது நவம்பர் 8ன்னு நான் சொன்னா நம்பணுமே. அதே கார்டுல இன்னொரு ஊசிக்கு 23/12ன்னு இருந்துச்சு, “இருபத்தி மூணாவது மாசம் எதுங்க?”ன்னு கேட்டதும்தான் சிரிச்சுட்டு ஒத்துக்கிட்டாங்க. அதோட விடல, சின்னம்மையும் ஹெபடைடிஸ் ஏவும் கார்டுல இல்லன்னு கிளினிக்குக்கு அனுப்பிட்டாங்க. ஊர்லேந்து கிளம்பறவங்க இந்த ரெண்டையும் அங்கயே டாக்டர்ட்ட கேட்டு போட்டுட்டு, தேதில மாசத்த எழுத்துல எழுதி வாங்கிட்டு வாங்க.

அடுத்தது வீட்டு மொழி ஃபார்ம். பந்தாவுக்கு இங்கிலீஷ்னு எழுதி வெச்சுடாதீங்க, அப்பறம் குழந்தைக்கு இங்கிலீஷ் வருமான்னு பாக்கற டெஸ்டே வைக்க மாட்டாங்க. தப்பா எழுதிட்டாலும் டெஸ்டுக்கு முன்னாடி, சேந்த ரெண்டு வாரத்துக்குள்ள சொன்னாதான் மாத்துவாங்க. டெஸ்ட்ல எனக்குத்தான் படபடப்பு, யூடியூப் பாத்து கலர் பேரெல்லாம் இங்கிலீஷ்ல ஒப்பிப்பா, அங்கயும் ஒப்பிச்சு வெச்சுட்டான்னா? ஒரு படத்தக் காட்டி பையன் என்ன பண்றான்னு கேட்டாங்க, இவ அந்தம்மாவயே பாத்து “தூங்குறான், சத்தம் போடாதீங்க”ன்னுட்டா. பாஸ், அதாவது ஃபெயில், எதுவோ ஒண்ணு, சீட் கிடைச்சாச்சு.

இப்ப தலைப்பு மேட்டர். ஃபார்ம்ல முதல்ல ஹிஸ்பானிக்கா இல்லயான்னு ஒரு கேள்வி, அப்பறம் இனம்னு அஞ்சு கட்டம். எங்க வீட்டுக்காரர் ராத்திரி பதினோரு மணிக்கு மொபைல்ல ஃபில் பண்றார், முதல் கட்டமே ‘அமெரிக்கன் இந்தியன்’. இந்தியன், இருக்கறது அமெரிக்கா, டிக். அது இந்த மண்ணோட பூர்வகுடி மக்களுக்கான கட்டம், நம்ம கட்டம் ஏசியன். “ஏசியன்னா சைனா, ஜப்பான்காரங்கன்னு நெனச்சேன்”னார் அப்பறமா. மென்பொருள் எழுதறவர்!

ஸ்கூல் தொறந்து ரெண்டு வாரத்துல பைக்குள்ள ஒரு ஃபார்ம் வருது. எந்தப் பழங்குடி, மெம்பர் யாரு, குழந்தையா, அப்பா அம்மாவா, தாத்தா பாட்டியா, மெம்பர் நம்பர் என்னன்னு. பூர்வகுடிக் குழந்தைங்களுக்கு மத்திய அரசு நிதி தர்றதுக்கான ஃபார்ம் அது. ஃபோன்ல மாமியார்ட்ட சொன்னா, “கம்யூனிட்டி சர்டிஃபிகேட்டா கேக்கறாங்க? தாலுகா ஆபீஸ்ல புதுசா ஒண்ணு வாங்கி அனுப்பட்டுமாம்மா?”ங்கறாங்க.

மாத்தலாம்னு ஆபீஸுக்குப் போனா ஆன்லைன்ல லாக் ஆயிடுச்சாம், அடுத்த வருஷம் பாத்துக்கலாமாம். அடுத்த தடவ போனப்ப ஆபீஸ்ல அதப் பாக்கறவங்க லீவு. இதுக்கு நடுவுல தெரிஞ்சவங்க ஒருத்தங்க சொன்னாங்க, அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை இருக்கற கணக்குதான் மாநிலத்துக்குப் போகும், ஸ்கூல்ல எந்த இனம் எத்தனை பேருன்னு வர்ற நம்பரெல்லாம் அதுலேந்துதான்னு. மூணாவது தடவ போய் அந்தத் தேதியச் சொன்னதும்தான் டிராயர்லேந்து பேப்பர் ஃபார்ம் வந்துச்சு, ஒரு கையெழுத்து, ரெண்டு நிமிஷம். அந்த டிராயர முதல் நாளே தொறந்திருக்கலாம். காலியா விட்டா தொல்லை இல்லன்னு நெனைக்காதீங்க, நாம சொல்லலன்னா ஸ்கூல்ல யாராச்சும் குழந்தயப் பாத்து அவங்களே ஒரு கட்டத்துல போட்டுடுவாங்க.

எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) இல்லன்னு கவலப்படாதீங்க, ‘எஸ்’ல ஆரம்பிக்கற நம்பர் ஒண்ணு குடுத்துடுவாங்க. விசா ஸ்டேட்டஸப் பாத்து சேக்கறது சேக்காததெல்லாம் இல்ல, 1982லயே டெக்சாஸ் கேஸ்லதான் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லிடுச்சு.

நேத்து புது பிரிண்ட்-அவுட் குடுத்தாங்க. இனம் ஏசியன், மொழி தமிழ், எல்லாம் சரி. பேருக்கு நேரா மட்டும் ‘எஃப்என்யு’, அதாவது ‘ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்’, முதல் பேர் தெரியல. பாஸ்போர்ட்ல சர்நேம் இல்லாததால விசாவுல வந்த அதே கூத்து, அத அப்படியே பாத்து ஏத்திட்டாங்க. டீச்சர் ஒரு வாரமா “ஃபுனூ, ஃபுனூ”ன்னு கூப்பிடறாங்களாம், இவளும் ஓடிப் போறாளாம். பர்த் சர்டிஃபிகேட்டோட வெள்ளிக்கிழமை மறுபடி போறேன்.