பூஜ்யத்திலிருந்து எண்ணு

நம் இயற்பியல் லேப் ஆசிரியர் பூஜ்யம் சார் போய்விட்டார் என்று குழுவில் செய்தி வந்த அன்று, ஆளுக்கொரு தேசத்தில் கிடக்கும் நம் செட் ஆட்கள் எழுதியது ஏறக்குறைய ஒரே வரிதான்: “பூஜ்யம், ஒன்று, இரண்டு…” வெளியாள் யாராவது பார்த்திருந்தால், மார்க்கில் பூஜ்யம் போடுபவர் போலும் என்று நினைத்திருப்பார். அதிலும் பொய்யில்லை.

நூலில் குண்டைக் கட்டி ஆடவிடும் தனி ஊசலில் ஸ்டாப் வாட்சை அழுத்தும் கணத்தில் வாயில் ‘ஒன்று’ வந்துவிட்டால் காரியம் கெட்டது. ‘இருபது’ என்று சொல்லி நிறுத்தும்போது ஊசல் பத்தொன்பது முறைதான் ஆடியிருக்கும். ஒரு மீட்டர் நீளத்துக்கு 20 அலைவுகளுக்கு 40.1 நொடி ஆக வேண்டும். கையில் நிற்பது 38.1. அலைவு நேரத்தில் 5 சதவீதம்தானே என்று விட முடியாது. ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தின் கணக்கில் அது வர்க்கமாகிக் கீழே உட்காருவதால், 9.8 வர வேண்டிய விடை 10.86-க்கு ஏறிவிடும். “எந்தக் கிரகத்தில் செய்தாய்?” என்பார். அழுத்தும்போது பூஜ்யம். அவ்வளவுதான் அவர் பெயரின் வரலாறு.

மற்றதெல்லாம் நம் கைக்கு இன்னும் தெரியும். குண்டு கோடியில் திரும்பும் இடத்தில் எண்ணக்கூடாது. அங்கே அது நின்று திரும்புவதால் எந்தக் கணத்தில் திரும்பியது என்று கண்ணுக்குப் பிடிபடாது. நடுக்கோட்டில்தான் வேகம் அதிகம், அங்கே எண்ணினால்தான் துல்லியம். 5 டிகிரிக்குள் இழுத்தால் அலைவு நேரத்தில் வரும் பிழை 0.05 சதவீதம். ஆசைப்பட்டு 30 டிகிரி இழுத்தால் 1.7 சதவீதம், ஜி-யில் அதன் இரண்டு மடங்கு. பிளந்த தக்கையை ஸ்டாண்டில் இறுக்காமல் விட்டால் நூல் உள்ளே நழுவி, ஆடும்போதே நீளம் மாறும். விடும்போது விரல் பக்கவாட்டில் பட்டால் குண்டு நீள்வட்டம் போடும். அதை நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும், ‘சரியாகிவிடும்’ என்று காத்திருக்கக் கூடாது.

அவருக்கு மிகவும் பிடித்த பிழை ஒன்று உண்டு. நூலை மட்டும் அளந்து, குண்டின் ஆரத்தைச் சேர்க்க மறப்பது. ஆரம் 1 செ.மீ. என்றால் 50 செ.மீ. ஊசலில் அது 2 சதவீதம், 100 செ.மீ. ஊசலில் 1 சதவீதம். ஆகவே நீளத்தை அலைவு நேர வர்க்கத்தால் வகுக்கும் பத்தியில் எண்கள் நிலையாக நிற்காமல், நீளம் கூடக் கூட மெல்ல ஏறும். வரைபடம் போட்டாலோ சாய்வு கெடாது, கோடு மட்டும் ஆதிப்புள்ளிக்கு 1 செ.மீ. கீழே வெட்டும். “பிழை தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது, படி” என்பார். பிழை இருக்கும் நோட்டுக்கு அவர் ஒருபோதும் கோபப்பட்டதில்லை.

கோபம் நம் நோட்டுகளுக்காகக் காத்திருந்தது. அந்த வியாழக்கிழமை நினைவிருக்கும். ரெக்கார்ட் நோட்டுகளை மேசையில் அடுக்கி, மேலே இருந்ததைப் பிரித்தார். ஐந்து நீளங்கள். அந்த வகுத்த பத்தி முழுவதும் 24.8, 24.8, 24.8. கடைசியில் ஜி 9.80. எல்லா நோட்டிலும் அதே 9.80. ஸ்டாப் வாட்சை எடுத்து, நோட்டுக்கு உரியவனின் உள்ளங்கையில் வைத்தார். “90 செ.மீ.க்கு 38.08 நொடி எழுதியிருக்கிறாய். இதில் 38.08 எந்தக் கோடு? காட்டு.”

அந்தக் கடிகாரத்தில் நொடிக்கு ஐந்து கோடுகள். 38.0 உண்டு, 38.2 உண்டு, நடுவில் எதுவும் கிடையாது. 9.8-ஐ வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட்டதில் வந்த எண் அது. அவன் கண்ணாடியை உற்றுப் பார்த்தபடி நின்றான், நாமும்தான். ஒரு கோடு தவறினாலே ஜி-யில் 0.1 வித்தியாசம் வரும், ஒழுங்காகச் செய்த வகுப்பில் 9.7-உம் 9.9-உம் கலந்து கிடக்க வேண்டும் என்று பலகையில் எழுதிக் காட்டினார். நின்றவன் இன்று பிறருடைய ஆய்வுக் கட்டுரைகளை மதிப்பிடும் வேலையில் இருக்கிறான்.

அன்று மீதி நேரம் பாடம் நடக்கவில்லை. பட்டாணிச் செடிகளை வைத்து மரபுப் பண்புகளை ஆராய்ந்த மெண்டலைப் பற்றிச் சொன்னார். 5474 உருண்டைப் பட்டாணி, 1850 சுருங்கியது: எதிர்பார்த்தது 3-க்கு 1, வந்தது 2.96-க்கு 1. தனியாகப் பார்த்தால் குறையில்லை. ஆனால் எல்லாச் சோதனைகளையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்த புள்ளியியலாளர் ஃபிஷர், 1936-இல், இவை எதிர்பார்ப்புக்கு அளவுமீறி நெருக்கமாக இருக்கின்றன என்று எழுதினார். என்ன விடை வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்த உதவியாளர் மேல் அவருக்குச் சந்தேகம். (லேப் அட்டெண்டர் அண்ணன் அப்போது சட்டென்று வெளியே போனது தற்செயல்தான்.)

பிறகு, எலக்ட்ரானின் மின்னூட்டத்தை எண்ணெய்த் துளிகளை வைத்து அளந்த மில்லிகன். 1913 கட்டுரையில் 58 எண்ணெய்த் துளிகள், விட்டது ஒன்றுமில்லை என்ற உறுதிமொழி. பின்னால் நோட்டுப் புத்தகங்களைப் புரட்டியவர்கள் அதைவிட நிறையத் துளிகளைக் கண்டார்கள். விட்டவற்றைச் சேர்த்தாலும் விடை பெரிதாக மாறாது, சிதறல்தான் கூடும். அவரைக் கவிழ்த்தது வேறு: காற்றின் பாகுநிலைக்கு எடுத்துக்கொண்ட எண் சற்றுக் குறைவு. எலக்ட்ரானின் மின்னூட்டம் இன்றைய அலகில் (10⁻¹⁹ கூலும்) 1.602-க்குப் பதில் 1.592 என்று வந்தது. அடுத்து அளந்தவர்கள் ஒரே தாவலில் சரியான விடைக்கு வரவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகவே ஏறினார்கள் என்று இயற்பியலாளர் ஃபெய்ன்மன் 1974-இல் ஒரு பட்டமளிப்பு உரையில் சொன்னார். மில்லிகனைவிட மிக அதிகமாக வந்தால் பிழை தேடினார்கள், பக்கத்தில் வந்தால் தேடவில்லை. “நீங்களும் 10.8 வந்தால்தான் தேடுகிறீர்கள்” என்றார் சார்.

கணிதத்தில் பிழைத்துக்கொள்ளலாம் என்று முணுமுணுத்தவனுக்குக் கணிதவியலாளர் கெம்ப்பைக் காட்டினார். எந்த வரைபடத்திலும் அடுத்தடுத்த நாடுகளுக்கு வேறு வேறு நிறம் தர நான்கு நிறம் போதும் என்னும் நான்கு நிறத் தேற்றத்துக்கு 1879-இல் அவர் கொடுத்த நிரூபணத்தின் ஓட்டையை ஹீவுட் 1890-இல்தான் கண்டார். பதினொரு வருடம் அது சரியென்றே இருந்தது.

சார் ஓய்வு பெற்று வெகுநாள் கழித்து, 2015-இல், உளவியலில் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்த முடிவு வந்தது. மூலத்தில் 97 சதவீதம் புள்ளியியல்படி தேறியவை. திரும்பச் செய்ததில் தேறியது 36 சதவீதம். நம்மில் சிலர் அதை அவருக்கு அனுப்ப நினைத்தோம். நினைத்ததோடு சரி.

அன்று அவர் கடைசியாகச் சொன்னது, “சனிக்கிழமை வாருங்கள், லேபைத் திறந்து வைக்கிறேன், திரும்பச் செய்யலாம்.” அந்தச் சனி டியூஷன், அடுத்த சனி மாடல் தேர்வு, அதற்கப்புறம் விண்ணப்பம், விசா, விமானம். முப்பது வருடம் ஓடிவிட்டது.

இப்போது அந்த லேபைப் பார்த்துக்கொள்ளும் நம் ஜூனியர், சார் அலமாரியில் இருந்த நீளமான பதிவேட்டைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறான். வருடத்துக்கு ஒரு வரி, திருத்தாத எண்கள்: 9.7, 9.9, 9.6, 9.8. நமக்கு முந்தைய செட்டில் ஒரு 10.9 கூட இருக்கிறது. அதை அவர் அடிக்கவில்லை, பக்கத்தில் சின்னதாக ஒரு பூஜ்யம் போட்டிருக்கிறார். நம் வருடத்துக்கு நேரே எண் எதுவும் இல்லை. பென்சிலில் ‘சனி’ என்று மட்டும் இருக்கிறது.