பச்சைக்குப் பச்சை சேர்க்கிற வேலை: பழைய ட்ரை-ஆங் எலக்ட்ரிக் ரயில் தேட்டை

ரொம்ப நாளா தேடிட்டிருந்த ட்ரை-ஆங் (பழைய பிரிட்டிஷ் பொம்மை கம்பெனி) ஆர்156 மாடல் ரயில் பெட்டி ஒருவழியா கிடைச்சிருச்சு. லண்டன் பக்கம் எஷர்ல சாண்டவுன் பார்க் குதிரைப் பந்தய மைதானம் இருக்குல்ல, அங்க நடக்கிற டாய் ஃபேர்லதான். வாட்டர்லூல இருந்து போற ரயிலும் மூணாவது தண்டவாளத்துல கரண்ட் எடுக்கிற எலக்ட்ரிக் வண்டிதான், மேல கம்பியே கிடையாது, நான் தேடுற மாடலும் அதே ஊர் வண்டியோட தாத்தா.

விஷயம் தெரியாதவங்களுக்கு: 1950கள் கடைசியில கென்ட்ல மார்கேட் ஃபேக்டரில ட்ரை-ஆங் பண்ணின சதர்ன் ரீஜன் (பிரிட்டிஷ் ரயில்வேயோட தெற்குப் பிரிவு) புறநகர் ரயில் மாடல் இது, ஓஓ ஸ்கேல், அதாவது நிஜ ரயில்ல 76ல ஒரு பங்கு. மோட்டார் இருக்கிற பெட்டி ஆர்156, மோட்டார் இல்லாத டம்மி ஆர்225. அப்பவே தனித்தனியா வித்ததால இப்ப ஜோடியா கிடைக்கிறது அபூர்வம், அப்படியே வந்தாலும் பிரிச்சு வித்தா காசு கூடங்கிறதால வியாபாரிங்க பிரிச்சுடறாங்க.

என்கிட்ட டம்மி ஏற்கனவே இருக்கு. பெரிய தலைவலி கலர்தான், ரெண்டுமே பச்சைதான், ஆனா ஜன்னலோர ஷெல்ஃப்ல வருஷக்கணக்கா வெயில் பட்டது வெளிறிப் போயிருக்கும், பெட்டிக்குள்ளயே தூங்கினது கரும்பச்சையா நிக்கும், ஹால்ல இருக்கிற ட்யூப் லைட்ல எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும். அதனால டம்மியை பையில போட்டே எடுத்துட்டுப் போய், ரெண்டையும் கண்ணாடிக் கதவுக்கிட்ட வெளிச்சத்துல பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன். கடைக்கார பெரியவர் சிரிச்சுக்கிட்டே, "பொண்ணு பார்க்கவா வந்தீங்க"ன்னார். கேஷா தர்றேன்னதும் அஞ்சு பவுண்ட் குறைச்சார்.

வீட்டுக்கு வந்து மோட்டார் போகியை, அதாவது மோட்டாரும் சக்கரமும் இருக்கிற அடிப்பகுதியைத் திறந்தேன். மோட்டார் சுத்திச்சு ஆனா இழுவையே இல்ல, நெருப்புப்பொறி வேற. கம்யூட்டேட்டர் (பிரஷ் உரசி கரண்ட் வாங்குற சுழல் பாகம்) துண்டுகளுக்கு நடுவுல இருக்கிற சின்ன இடைவெளி பூரா கார்பன் தூள் அடைச்சு கருப்பா இருந்துச்சு, பல்குத்துற குச்சியை ஐபிஏல (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) நனைச்சு கோடு கோடா சுரண்டினேன், செம்பு கலர் வெளிய வந்ததும் பொறி பாதிக்கு மேல குறைஞ்சுது. மேக்னட்டை மட்டும் கழட்டவே இல்ல, பழைய மேக்னட்டை சும்மா கழட்டி வச்சா சக்தி இறங்கிடும், அப்புறம் மோட்டார் கரண்ட்டா குடிச்சு சூடாகும். பிரஷ் மட்டும் புதுசு, அதெல்லாம் ஸ்பேர்ஸ் விக்கிறவங்க ஸ்டால்ல சில்லறைக் காசுக்கே கிடைக்குது.

சக்கரம் இன்னொரு கதை. அந்தக் காலத்து ஃபிளேஞ்ச் (சக்கரத்தோட உள்பக்க விளிம்பு) ரொம்ப ஆழம், உயரம் கம்மியான கோட் 75 தண்டவாளத்துல கட்டைமேல தட்டி தட்டிப் போகும், உயரம் கூடின கோட் 100ல நேர் ரோட்டுல பிரச்சனை இல்ல, தண்டவாளம் பிரியிற பாயிண்ட் வந்தா ஒரு குதி குதிக்குது. டிசிசி (டிஜிட்டல் கன்ட்ரோல்) பக்கமெல்லாம் போகல, அப்படியே 12 வோல்ட் டிசிதான்.

அதே ஃபேர் ஹால்ல ஹார்ன்பி டப்லோ (மெக்கானோ கம்பெனியோட மாடல் ரயில்) எலக்ட்ரிக் பெட்டியும் ஒண்ணு பார்த்தேன். 1962ல வந்துச்சு, 1964லயே மெக்கானோ கம்பெனியை ட்ரை-ஆங் முதலாளி லைன்ஸ் பிரதர்ஸ் வாங்கிட்டதால ரொம்ப நாள் ஓடல, அதான் விலை அந்த ஏத்தம். வாங்கற ஐடியா இருந்தா கவிழ்த்துப் பாருங்க, நடுவுல கரண்ட் எடுக்கிற தகடு இருந்தா அது நடுவுல மூணாவது கம்பி இருக்கிற 3-ரெயில் தண்டவாளத்துக்கான மாடல், நம்ம ரெண்டு கம்பி தண்டவாளத்துல வச்ச உடனே ஷார்ட் ஆயிடும். அட்டைப்பெட்டி பளபளன்னு இருந்தா சந்தேகப்படுங்க, புதுசா அச்சடிச்ச டப்பா நிறைய சுத்துது. எனக்கு டப்பா மேல ஆசையே இல்ல, அந்தக் காசுக்கு இன்னொரு பெட்டி வாங்கலாம்.

இப்ப ஜோடி ஓடுது, ரிவர்ஸ்ல லேசா கீச்சுங்குது, கியர்ல ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்க்கணும். அடுத்த ஃபேர்ல தேட வேண்டியது கப்ளிங் (பெட்டிகளை இணைக்கிற கொக்கி), டம்மியில இருக்கிறது பழைய மாடல், மோட்டார் பெட்டியில இருக்கிறது பிந்தினது, இப்போதைக்கு நூல்ல கட்டித்தான் இழுக்குது.