குழை முறித்துப் போட்ட பைக்கைக் கண்டால்

இலங்கையின் வடக்கே வன்னிப் பக்கம் றோட்டோரத்தில் ஒரு பைக் நிற்கிறது, அதற்கு முப்பது யார் தூரம் பின்னால் தாரில் ஒரு பச்சைக் குழை கிடக்கிறது என்றால் வண்டி பழுது, ஆள் பக்கத்தில்தான் நிற்கிறார். விலத்திக்கொண்டு போகலாம், நிறுத்தி இறங்கவும் செய்யலாம். தூரப் பயணத்தில் கூட்டாளிமார் கிடைப்பது பெரும்பாலும் இறங்குகிறவர்களுக்குத்தான். ஆனால் இறங்கினால் கையில் சாமான் இருக்க வேணும், கைப்பழக்கமும் வேணும். நல்ல மனம் மட்டும் ரியூப் ஒட்டாது.

கண்டியில் இருந்து யாழ்ப்பாணம் போகும் பெரிய றோட்டான ஏ9 பற்றிச் சொல்ல அதிகமில்லை. காபெற் றோட்டு, பஸ்காரரின் வேகம்தான் அங்கே சோலி. பழுது காத்திருப்பது உள்வழிகளில். வவுனியாவில் இருந்து வந்து புளியங்குளத்தில் கிழக்கே திரும்பினால் நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், முள்ளியவளை, முல்லைத்தீவு. அங்கிருந்து வட்டுவாகல் பாலம் கடந்து முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்பு, விசுவமடு வழியாகப் பரந்தனில் மறுபடி ஏ9. கிளிநொச்சி, முறிகண்டி, மாங்குளம் என்று இறங்கி வவுனியாவுக்கு வந்தால் சுற்று 200 கிலோமீற்றருக்குச் சற்று மேல். விடிய ஆறு மணிக்கு வெளிக்கிட்டால் பொழுதுபட முன் முடிக்கலாம். பொழுதுபட முன் முடிக்கத்தான் வேணும், காரணம் பிறகு.

உள்வழியில் முதல் எதிரி முள். காட்டோரம் வெட்டிப் போட்ட விடத்தல் முள்ளும் வேலியில் இருந்து கழன்ற முள்ளுக்கம்பித் துண்டும் எந்த ரயரையும் பார்க்கும். ரியூப் இல்லாத ரயர் என்றால் ஊசியால் துளையைத் துப்புரவாக்கிப் பசைத்திரியைக் குத்தி ஏற்றினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. இங்கே ஓடும் பைக்குகளில் பாதிக்கு மேல் இன்னும் ரியூப் வைத்தவை போலத்தான் தெரிகிறது. அதற்கு வேணும்: ரயர் லீவர் மூன்று, அக்சில் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பனர், ஒட்டுத் துண்டு, சொலூசன், அரத்தாள், கைப்பம்ப், மாற்று ரியூப் ஒன்று. ரியூபை வாங்க முன் ரயரின் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். 17 அங்குல வளையத்துக்கு 18 அங்குல ரியூப் போட்டால் உள்ளே மடிந்து, மடிப்பில் தேய்ந்து, அடுத்த ஊரில் மறுபடி காற்றுப் போகும்.

சில்லைக் கழற்றுவது யாருக்கும் வரும். ரயரின் விளிம்பு வளையத்தை விட்டு இறங்காததுதான் தனி ஆளை அழவைக்கும் இடம். குதிக்காலால் உதைத்தும் மசியாது. இங்கேதான் இரண்டாவது பைக்கின் பெறுமதி தெரியும். வால்வின் உள் ஊசியைக் கழற்றிக் காற்றை முழுக்க விடுங்கள். சில்லை நிலத்தில் ஒரு சாக்கின் மேல் படுக்கப் போடுங்கள். டிஸ்க் பிறேக் சில்லானால் டிஸ்க் அடியில் மாட்டாதபடி மண்ணில் சின்னப் பள்ளம் தோண்டுங்கள். நிறுத்திய நண்பரின் பைக்கைக் கொண்டுவந்து அதன் சைட் ஸ்ராண்டின் பாதத்தை ரயரில், வளையத்துக்கு ஒரு விரல் தள்ளி, ஊன்ற வையுங்கள். ஒருவர் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு பைக்கை மெதுவாக அந்தப் பக்கம் சாய்க்க வேணும். பைக்கின் பாரம் இறங்க, 'டொப்' என்று விளிம்பு உள்ளே விழும். பாதம் வளையத்தில் பட்டால் வளையம் சப்பளிந்துபோகும், ஆகவே அவசரம் வேண்டாம். பேர்கூடத் தெரியாத ஒருவரின் பைக்கை உங்கள் ரயரில் ஏற்றிய பிறகு 'நீங்கள் எவடம்?' என்று கேட்காமல் இருக்க முடியாது.

ரியூபை இழுத்தெடுத்ததும் ஓட்டையைத் தேட முன் ரயரின் உட்புறத்தைத் துணியால் தடவுங்கள். முள் அங்கேயே நின்றால் ஒட்டிய ரியூபும் நூறு யாரில் போகும். நிழலில் வைத்து ஒட்டுங்கள். சுட்ட ரியூபில் சொலூசன் மேலே காய்ந்து அடியில் பச்சையாக நிற்கும், ஒட்டு உரியும். மெல்லிசாகப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்து, அதன் பிறகு அழுத்துங்கள். போடும்போது ரியூபுக்குக் கொஞ்சம் காற்று விட்டால் முறுகாது. கடைசி விளிம்பை வால்வுப் பக்கத்தில் ஏற்றி முடியுங்கள். லீவர் நுனி ரியூபைக் கடித்து இரண்டாவது ஓட்டை போடுவது அனேகமாக இந்தக் கடைசிச் சாணில்தான். 125, 150 சீசி பைக்குக்கு முன்னுக்கு 25 பீஎஸ்ஐ, பின்னுக்குத் தனி ஆளுக்கு 28, இரண்டு பேருக்கு 32 என்ற அளவு பெரும்பாலும் சரிவரும். பின்சில்லு என்றால் செயின் இழுவை 20 முதல் 30 மில்லிமீற்றர் ஆட்டம் இருக்கட்டும், இரு பக்க அடையாளக் கோடும் சமமாக நிற்கட்டும். டிறம் பிறேக் தடியின் நட்டைப் பூட்ட மறந்து புறப்படுகிறவர்கள் உண்டு. ஏற முன் ஒருமுறை மிதித்துப் பாருங்கள்.

கிறவல் றோட்டுத் தூசி இன்னொரு சோலி. ஒயில் சொட்டச் சொட்டச் செயினுக்கு விட்டால் அந்தச் செம்மண்ணோடு குழைந்து அரத்தூள் மாதிரிச் செயினைத் தின்னும். விட்டபின் துணியால் துடைக்க வேணும். எயார் பில்டரை சுற்று முடிந்ததும் கழற்றிப் பாருங்கள். நிறத்தைக் கண்டால் நான் சொல்லத் தேவையில்லை.

மாரியில், ஐப்பசி முதல் மார்கழி வரை, குளங்கள் நிரம்பி வான் பாயும். மதகுக்கு மேலால் தண்ணி ஓடினால் சைலன்சர் வாயை நினையுங்கள். அதற்கு மேல் என்றால் திரும்புங்கள். தண்ணிக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் ஸ்ராட் அடிக்கக் கூடாது. தள்ளிக் கரையேற்றி, பிளக்கைக் கழற்றி, கிக்கரை மிதித்துத் தண்ணி வெளியே வருகிறதா என்று பாருங்கள். மாசி, பங்குனியில் வேறு விதம்: அறுவடை நெல்லும் வைக்கோலும் றோட்டில் காயும். நெல்லில் முன்பிறேக் பிடித்தால் மணலில் பிடித்த மாதிரிச் சறுக்கும்.

பொழுதுபட்டால் கட்டாக்காலி மாடுகள். மழைநாளில் காடெல்லாம் ஈரம், தார் மட்டும் காய்ந்து சூடாய் இருக்கும், அதனால் படுக்கை அங்கேதான். கறுத்த எருமை ஹெட்லைட்டில் கடைசி நிமிடம் வரை தெரியாது. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் காட்டுப் பக்கம் யானையும் இறங்கும். கண்டால் தூரத்திலேயே நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் திருப்பி வையுங்கள், ஹோர்ன் அடிக்க வேண்டாம். எதிரே வருகிறவர் லைட் வெட்டினால் முன்னுக்குப் பொலிஸ், மாடு, யானை மூன்றில் ஒன்று. எது என்று போனால்தான் தெரியும்.

குழுவாகப் போகிறவர்கள் ஆளுக்காள் துரத்தத் தேவையில்லை. சந்தி வரும்போது இரண்டாவதாக வருகிறவர் அங்கே நின்று, கடைசி ஆள் வந்தபின் கிளம்பட்டும். காட்டுக்குள் போன் எடுக்காத இடங்களுக்கு இதுதான் வழி. சேர்ந்துகொள்ளும் இடம் முறிகண்டிப் பிள்ளையாரடி. எல்லா வாகனமும் நிற்கும் இடம். கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு நின்றால் யாழ்ப்பாணத்துக்கு ஏறுகிற, கொழும்புக்கு இறங்குகிற பைக்காரர் எல்லாரும் தானாகக் கண்ணில் படுவார்கள். எந்த வழியில் தண்ணி, எங்கே றோட்டு கிண்டியிருக்கிறது என்ற செய்தி வரைபடத்தில் வருவதற்கு முதல் அங்கே வரும். முள்ளிவாய்க்காலில் மட்டும் சத்தத்தைக் குறைத்துப் போங்கள். சைலன்சர் மாற்றிய பைக்கை முறுக்கிக் காட்டும் இடம் அதுவல்ல.

மூத்திரம் பெய்யக்கூட, மண்டையோட்டு அடையாளப் பலகை உள்ள இடத்தில் றோட்டை விட்டு இறங்கக் கூடாது. கண்ணிவெடி எச்சரிக்கை அது. பலகை பழசாய் இருக்கிறது என்பது சாட்டு இல்லை.

உதவியவருக்குக் காசு நீட்டாதீர்கள், முகம் கறுத்துவிடும். அவருடைய மாற்று ரியூபைப் போட்டிருந்தால் அதே எண்ணில் ஒன்றை வாங்கி, போன் நம்பர் கேட்டு, அவர் ஊருக்குப் போகும் பஸ்ஸில் அனுப்பிவிடலாம். அனுப்பினால் அடுத்த மாதம் அவரே 'தம்பி, மன்னார்ப் பக்கம் போறம், வாறியோ?' என்று எடுப்பார். அடுத்த கடையில் ஒரு பிளேன்ரீ குடிக்கலாம். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, அவசரத்தில் எல்லாரும் மறப்பது: திரும்பி நடந்து போய், தாரில் கிடக்கும் அந்தக் குழையைத் தூக்கிக் காட்டுக்குள் எறிந்துவிட்டு ஏறுங்கள்.