ஐந்து பைகள்

ஆகஸ்ட் 24, 2025

விடுதிக்குத் திரும்பிவிட்டேன். அவன் அறையை வேறொரு பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள். கதவில் மூக்கை வைத்துப் பார்த்தேன். ஃபினாயிலுக்கு அடியில் இன்னும் அவன்தான் இருக்கிறான். அந்த நேரம் பார்த்து உள்ளே இருந்தவன் கதவைத் திறந்தான். அறை மாறி வந்துவிட்டேன் என்று உளறிவிட்டு வந்தேன். நாளைக்குள் விடுதி முழுக்கத் தெரிந்துவிடும்.

அக்கா சொல்லித்தான் எழுதுகிறேன். வாயால் வராததைக் கையால் எழுது என்றாள். பெயர்கள் வராது. அக்கா முதுகலை இயற்பியல், எங்களில் மூத்தவள். வாத்தி வரலாறு படிக்கிறான், வாயைத் திறந்தால் பாடம். குட்டி முதலாம் ஆண்டு. ஜூலையில்தான் எங்களைக் கண்டுபிடித்தான், மோப்பம் பிடித்தான் என்றே சொல்லலாம். நான் விலங்கியல். அப்புறம் அவன். அவனை அவன் என்றே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 9, முழு நிலவு. ஐந்து பேரும் வழக்கமான மரப்பொந்தில் பைகளை வைத்துவிட்டு இறங்கினோம். இறங்குவது எங்கள் சொல். இரண்டு காலிலிருந்து நாலு காலுக்கு இறங்குவது. விடியும்போது ஏறிவிடுவோம். காட்டை ஒட்டிய சாலையில் ஏதோ ஒரு வண்டி அவனை அடித்துவிட்டுப் போயிருக்கிறது. ஓட்டியவர் நாய் என்று நினைத்திருப்பார். விடிந்தபோது அங்கே கிடந்தது பத்தொன்பது வயதுப் பையன், உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல்.

ஊர் வாய் என்ன பேசும் என்று சொல்லவே வேண்டாம். போதை என்றார்கள். பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்த பிறகும் போதை என்றுதான் பேசுகிறார்கள்.

அவன் பை இன்னும் பொந்தில் இருக்கிறது. யாரும் தொடவில்லை.

ஆகஸ்ட் 29

வாத்தி நூலகத்திலேயே குடியிருக்கிறான். துக்கம் வந்தால் சிலர் தூங்குவார்கள், இவன் படிக்கிறான். முதல் நூற்றாண்டு ரோமானியக் கதை ஒன்றில் ஒரு சிப்பாய் நிலா வெளிச்சத்தில் துணியைக் கழற்றி வைத்துவிட்டு ஓநாயாகிறானாம். அவன் துணி கல்லாகிவிடுகிறது. 12ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கதைப்பாட்டு ஒன்றில் மனைவியே துணியை ஒளித்துவைத்துவிடுகிறாள், அவன் ஓநாயாகவே நின்றுவிடுகிறான்.

"பார்த்தியா, எல்லாக் கதையிலும் துணிதான் முக்கியம். நிலா, வெள்ளித் தோட்டா எல்லாம் ரொம்பப் பின்னாடி பெரிசானது."

நிலா எனக்கு முக்கியமாகத்தான் படுகிறது, 29 நாளுக்கு ஒருமுறை எலும்பு வலிக்கிறதே என்றேன். பதில் சொல்லாமல் அடுத்த புத்தகத்தை எடுத்தான். துணி என்றதும் இருவருக்கும் எது ஞாபகம் வந்ததோ, அதைப் பற்றிப் பேசவில்லை.

செப்டம்பர் 8

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

நேற்று முழு நிலவும் முழுச் சந்திர கிரகணமும் ஒன்றாக வந்தன. அக்காவுக்கு ஒரு வாரமாகவே நிலைகொள்ளவில்லை. பூமியின் நிழலுக்குள் நிலா முழுதாக இருக்கும் நேரம் 82 நிமிடம். அப்போது சூரியவெளிச்சம் நேராக அதன் மேல் படாது. நம் காற்றுமண்டலத்தில் வளைந்து போகும் வெளிச்சம் மட்டும்தான் படும். அதிலும் நீலம் சிதறிப்போய்ச் சிவப்புதான் மிஞ்சும். "முழு நிலவுதான், ஆனா வெளிச்சம் அது இல்லை. நமக்கு என்ன ஆகும்னு பார்த்துடலாம்" என்றாள். சோதனைக்கு எலியே தானாக வந்து நிற்பது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

இறங்கினோம். ஒருவன் குறைந்தால் ஓட்டமே மாறிவிடுகிறது. எனக்கு இடது பக்கம் எப்போதும் அவன் ஓடுவான். நேற்று இடது பக்கம் காற்றுதான் இருந்தது, நான் அந்தப் பக்கமே சாய்ந்து சாய்ந்து ஓடி ஒரு பாறையில் மோதினேன்.

நிழல் நிலாவைத் தின்னத் தொடங்கியதும் நால்வரும் தானாகவே மரத்தடிக்கு வந்துவிட்டோம். கடைசிக் கீற்று மறைந்ததும் ஏறிவிட்டோம். நடு ராத்திரி, முழு நிலவு, தலைக்கு மேலே செம்பு நிறத்தில் ஒரு உருண்டை, கீழே நாலு பேர் மனிதர்களாக நடுங்கிக்கொண்டு. பாறைக்கு அந்தப் பக்கம் இருந்து அக்கா, "எல்லாரும் ஏறியாச்சா? ஆச்சுன்னா என் பையைத் தூக்கிப் போடுங்கடா" என்று கத்தினாள்.

இருட்டில் கையை விட்ட குட்டி ஒரு பையை எடுத்துத் திறந்து, சட்டையைத் தலையில் மாட்டியும்விட்டான். அப்புறம் அப்படியே நின்றுவிட்டான். குட்டியுடையது அல்ல. நீலச் சட்டை. அது எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மூக்கில் ஏறியது. குட்டி மெதுவாகக் கழற்றினான், மடித்தான், மடிக்கத் தெரியாமல் மறுபடி மடித்தான். யாரும் அவனுக்கு உதவவில்லை.

அதன்பின் மிச்ச நேரம் முழுக்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். முழு நிலவு இரவில் எங்களுக்கு வாய் இருந்தது அன்று ஒருநாள்தான். நான் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மாதமாக நெஞ்சில் வைத்திருப்பது. சொல்லலாம், இப்போது சொல்லலாம் என்று இருக்கும்போதே ஓரத்தில் வெள்ளைக் கீற்று வந்துவிட்டது. அவசர அவசரமாகத் துணியைக் கழற்றியதில் வாத்தியின் கண்ணாடி உடைந்தது.

செப்டம்பர் 19

அவன் அம்மா போன் செய்தார்கள். என் நலம் கேட்டார்கள், தேர்வு எப்போது என்று கேட்டார்கள். அப்புறம், "அந்த நீலச் சட்டையைக் காணோமே தம்பி, அறையிலும் இல்லை. நான் எடுத்துக் கொடுத்தது. யாராவது வாங்கிப் போட்டிருக்காங்களா?" என்றார்கள்.

தேடிப் பார்க்கிறேன் அம்மா என்றேன்.

செப்டம்பர் 23

இன்று வகுப்பில் ஓநாய். கூட்டத்தை அடக்கி ஆளும் தலைவனுக்கு ஆல்ஃபா என்ற சொல் வந்த கதை. 1947ல் ருடால்ஃப் ஷென்கெல் எழுதியது, அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து. பின்னால் அந்தச் சொல்லைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மீச், 1999ல் தானே அதை மறுத்து எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள், அவ்வளவுதான். பதவிச் சண்டையெல்லாம் ஒன்றுக்கொன்று உறவில்லாததை ஒரே கூண்டில் போட்டால் வருவது.

உறவில்லாததை ஒரே கூண்டில் போடுவது. எங்கள் விடுதிதான்.

இன்னொன்றும் சொன்னார்கள், நான் குறிப்பேட்டில் எழுதவில்லை. ஓநாய் நிலாவைப் பார்த்து ஊளையிடுவதில்லை. பிரிந்துபோனதைக் கூப்பிடவும் ஊளையிடும். காட்டில் 10 கிலோமீட்டர் வரை கேட்கும்.

அக்டோபர் 7

இறங்கினோம், ஏறினோம். எழுத ஒன்றுமில்லை. பொந்தில் ஐந்து பைகள்.

அக்டோபர் 12

அப்பா கூப்பிட்டார். எனக்கு இது அப்பா வழியில் வந்தது. வீட்டில் அதற்குப் பெயரே கிடையாது. மாதம் ஒருநாள் அப்பாவுக்கு "வெளியே வேலை". அம்மா அன்றைக்குச் சீக்கிரம் கதவைச் சாத்திவிடுவாள். பதினைந்து வயதில் எனக்குத் தொடங்கியபோது அப்பா சொன்னது, "துணியை எங்க வைக்கிறேன்னு மறக்காதே", அவ்வளவுதான்.

இன்று வழக்கத்துக்கு மாறாக வைக்காமல் பேசிக்கொண்டே இருந்தார். கடைசியில், "உன் சித்தப்பா வெளிநாட்டுக்குப் போகலைடா" என்றார்.

வெளிநாட்டுச் சித்தப்பாவைக் கேட்டு வளர்ந்தவன் நான். அவர் கடிதம் போடுவார் என்று பாட்டி கடைசி வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் துணி என்கிட்டதான் இருக்கு. பரண்ல. 22 வருஷமாச்சு. ஒவ்வொரு தடவையும் அடுத்த மாசம் அம்மாகிட்ட குடுத்துடலாம்னு நினைப்பேன்."

பாட்டி போய் ஆறு வருடம் ஆகிறது. அப்பா அழுதாரா என்று தெரியவில்லை. அழுதால் எப்படி இருக்கும் என்று கேட்டுப் பழக்கம் இல்லை.

நவம்பர் 4

சொல்லிவிட்டேன்.

நாளை முழு நிலவு, இந்த ஆண்டிலேயே மிக அருகில் வருவது. சராசரித் தூரம் 3,84,400 கிலோமீட்டர், நாளை சுமார் 3,57,000. எலும்பு இப்போதே முனகுகிறது. மொட்டை மாடியில் நால்வரும் படுத்திருந்தோம். இறங்குவதற்கு முன் சொல்லாவிட்டால் இன்னொரு மாதம் போய்விடும், அப்புறம் 22 வருடம் போய்விடும் என்று தோன்றியது.

ஆகஸ்ட் 9 சாயங்காலம் அவனுக்கும் எனக்கும் சண்டை. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன் என்றான். அவனுக்கு இது எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியாது. அம்மாவிடம் ஒளித்து ஒளித்துக் களைத்துப்போயிருந்தான். நான் கத்தினேன். நீ சொன்னால் உன்னைப் பற்றி மட்டுமா சொல்கிறாய், எங்கள் நாலு பேரையும் சேர்த்துத்தான் காட்டிக்கொடுக்கிறாய் என்றேன். காட்டிக்கொடுப்பது என்ற சொல்லையே சொன்னேன். அன்று இரவு அவன் தனியாகச் சாலைப் பக்கம் போனான். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஊளை வந்தது. ஒருமுறை. கொஞ்சம் பொறுத்து மறுமுறை. சமாதானத்துக்குக் கூப்பிடுகிறான், கூப்பிடட்டும் என்று நான் மலைப் பக்கம் திரும்பி ஓடினேன். அடிபட்ட பிறகு கூப்பிட்டதா, அதற்கு முன்பா என்பது எனக்கு என்றைக்கும் தெரியப்போவதில்லை.

இவ்வளவையும் சொல்லி முடித்தேன். யாரும் பேசவில்லை. அப்புறம் வாத்தி, "எனக்கும் கேட்டது" என்றான்.

குட்டிக்கும் கேட்டிருக்கிறது. அக்காவுக்கும். 10 கிலோமீட்டர் கேட்கும் என்று எழுதினேனே, என் ஒருவன் காதுக்கு மட்டும் எப்படி வந்திருக்கும் என்று இத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை.

"நீ திரும்பினே. நாங்க உன் பின்னாடி வந்துட்டோம்" என்றாள் அக்கா. திட்டவும் இல்லை, ஆறுதலும் இல்லை, நடந்ததைச் சொன்னாள். மூன்று மாதமாக நாலு பேரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் ஒளித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

பையை அம்மாவிடம் கொடுப்பது என்று முடிவாயிற்று. என்ன சொல்லிக் கொடுப்பது என்பது முடிவாகவில்லை. 1691ல் லிவோனியாவில், இன்றைய லாட்வியா பக்கம், தீஸ் என்றொரு கிழவர், ஆமாம், நான் ஓநாய் மனிதன்தான் என்று நீதிமன்றத்தில் தானாகவே சொன்னாராம். பிசாசோடு சேர்ந்தவன் என்று ஒப்புக்கொள்ள வைக்கப் பார்த்தார்களாம். இல்லை, நாங்கள் கடவுளின் நாய்கள், சூனியக்காரர்கள் திருடிப்போன விளைச்சலை நரகத்திலிருந்து மீட்டு வருகிறோம் என்று கடைசி வரை சாதித்தாராம். வாத்தி சொன்னான்.

"அவருக்கு என்ன ஆச்சு?" என்றான் குட்டி.

"கசையடி."

நவம்பர் 16

நான் மட்டும் போனேன். நாலு பேர் போனால் பயந்துவிடுவார்கள் என்றாள் அக்கா.

வாப்பா என்று உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். பையைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். காட்டுப் பக்கம் ஒரு மரத்தடியில் கிடைத்தது என்றேன். அதுவரை பொய்யில்லை. சட்டையை வெளியே எடுத்தார்கள், காலரைத் தடவினார்கள்.

"கிழிச்சுப் போடலை. மடிச்சு வெச்சிருக்கான்" என்றார்கள். குட்டி மடித்தது என்று சொல்லவில்லை. அவனும் மடித்துத்தான் வைப்பான். "தெரிஞ்சுதான் கழட்டியிருக்கான். போதையில இருக்கறவன் மடிப்பானா?"

மாட்டான் அம்மா என்றேன்.

"அந்த நேரத்துல கூட யாருமே இல்லையாப்பா?"

ஒத்திகை பார்த்துவைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. "கூப்பிட்டான் அம்மா. எனக்குக் கேட்டது. நான் போகலை" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்கள். "போன் அறையிலதான் இருந்ததுன்னு குடுத்தாங்க" என்றார்கள். கேள்வியாகக் கேட்கவில்லை. நான் தரையைப் பார்த்தேன். எப்படிக் கூப்பிட்டான் என்று அடுத்துக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், சத்தியமாகச் சொல்லியிருப்பேன். அவர்கள் கேட்கவில்லை. பையைக் கவிழ்த்து எண்ணினார்கள். சட்டை, பேண்ட், உள்ளே போடுவது, ஒரு சாக்ஸ்.

"இன்னொரு சாக்ஸைக் காணோமே."

"தெரியலை அம்மா."

எல்லாவற்றையும் வாரி எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். "எத்தனை மாசமாக் கிடந்ததோ, அழுக்கு" என்று சொல்லிக்கொண்டே வாஷிங் மெஷினைத் திறந்தார்கள். நான் எழுந்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. அந்த வாசனைதான் மிச்சம், சோப்பில் போட்டால் அவன் போய்விடுவான். அதை ஒரு அம்மாவிடம் எந்தக் காரணம் சொல்லி நிறுத்துவது? தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சட்டை சுற்றுவதைக் கண்ணாடி வழியே இருவரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

காய்ந்ததும் இஸ்திரி போட்டு வைக்க வேண்டும் என்றார்கள்.

டிசம்பர் 5

நேற்று இரவு முழு நிலவு. இறங்குவதற்கு முன் குட்டி தன் பையிலிருந்து ஒரு சாம்பல் நிறச் சாக்ஸை எடுத்துக் காட்டினான். கிரகணத்தன்று எடுத்துவைத்துக்கொண்டானாம்.

"எனக்கு அவரை ஒரு மாசம்தான் தெரியும். மறந்துடுவேனோன்னு பயமா இருந்துச்சு" என்றான். திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டான். அவன் அம்மா எண்ணிப் பார்த்ததை அப்போது நான் சொல்லவில்லை. அப்புறம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டான், ஆனால் சாக்ஸை விடவில்லை.

ஒவ்வொருவராக வாங்கி முகர்ந்தோம். வாத்தி இரண்டு தடவை. அக்கா காற்றுப் புகாத கவர் ஒன்று கொண்டுவந்திருந்தாள். அவளுக்கு முன்பே எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கவரை மூடிப் பொந்தில் நாலு பைகளுக்கும் அடியில் வைத்துவிட்டு, குளிர் தாங்காமல் ஓடிப்போய் இறங்கினோம்.