அடுப்படியில் நின்று படித்த கடற்போர்

மன்னார்குடிப் பக்கத்துப் புழுங்கல் அரிசி ஆலை ஒன்றில் கொதிகலனைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதனால்தானோ என்னவோ, கடற்போர் வரலாற்றைப் படிக்கும்போதும் என் மனம் அடுப்பைத்தான் தேடிப் போகிறது. ஃபிராங்க் அப்னி ஹேஸ்டிங்ஸ் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரியை நான் பெரிதும் மதிப்பதற்கு அதுவே காரணம்.

11 வயதில், பிரிட்டன் 1805இல் பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பற்படைகளை வென்ற டிரஃபால்கர் கடற்போரைக் கண்ட அவர், 1819இல் பிரிட்டிஷ் கடற்படையிலிருந்து நீக்கப்பட்டு, 1822இல் உதுமானியப் பேரரசை எதிர்த்து விடுதலைக்குப் போராடிய கிரேக்கரிடம் போய்ச் சேர்ந்தார். நீராவிக் கப்பல் இருந்தால் காற்றுக்காகக் காத்து நிற்கும் பாய்மரக் கப்பல்களை வென்றுவிடலாம் என்று விடாமல் வாதாடி, ஆயுதச் செலவுக்குச் சொந்தப் பணம் 5,000 பவுண்டு தர முன்வந்தார். 'கர்தேரியா' என்ற அந்த நீராவிக் கப்பல் லண்டனின் டெப்ட்ஃபோர்டில் உருவானது. எஞ்சின் செய்ய ஒப்புக்கொண்ட காலோவே இழுத்தடித்தார். அவருடைய மகனோ எதிரணியிலிருந்த எகிப்து ஆட்சியாளரிடம் வேலை பார்த்தார். கப்பல் கிரேக்கம் சேர்ந்தது 1826 செப்டம்பரில். அதற்குள், ஏப்ரலிலேயே, முற்றுகையில் இருந்த கிரேக்கரின் மிசோலாங்கி நகரம் உதுமானியரிடம் வீழ்ந்துவிட்டது. குறுவை நெல் மழையில் நனைய, கொதிகலன் குழாய்க்காகக் காத்துக் கிடந்தவர்களுக்கு அந்தத் தாமதத்தின் கொடுமை கொஞ்சமாவது புரியும்.

எதிரியின் மரக்கப்பல்கள் தீப்பற்ற, ஹேஸ்டிங்ஸ் இரும்புக் குண்டுகளைக் கொதிகலன் அடுப்பிலேயே செக்கச் சிவக்கக் காய்ச்சி, பீரங்கிக்குக் கொண்டுபோகச் செய்தார். படித்தபோது இந்த இடத்தில் வெகுநேரம் நின்றேன். எங்கள் உமி அடுப்பின் கதவு சற்று நேரம் திறந்திருந்தாலே குளிர்ந்த காற்று புகுந்து நீராவி அழுத்தம் இறங்கும். நெல் அவியல் கெடும். அங்கோ அதே நெருப்பு கப்பலையும் ஓட்ட வேண்டும், குண்டையும் காய்ச்ச வேண்டும். அருகிலேயே வெடிமருந்து இருக்கும். எஞ்சினும் அடிக்கடி பழுதானது. தளபதியின் துணிவைப் பாடுவோர், கீழே நின்று தீ தள்ளியவர்களையும் சேர்த்தே பாட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

1827 செப்டம்பர் இறுதியில் கொரிந்து வளைகுடாவின் இத்தேயா அருகே இக்கப்பல் உதுமானியக் கப்பல்களை எரித்தழித்தது; அதைத் தொடர்ந்து எழுந்த பதற்றத்தின் நடுவே, அக்டோபர் 20இல் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யக் கப்பல்கள் உதுமானிய-எகிப்தியக் கப்பற்படையை அழித்த நவரினோ போர் மூண்டது. மறு ஆண்டு மே மாதம் மிசோலாங்கிக்கு அருகிலுள்ள அனத்தோலிகோ மீதான தாக்குதலில் கையில் காயம்பட்ட ஹேஸ்டிங்ஸ், ஜூன் 1இல் சாந்தே தீவில் இறந்தார். காய்ச்சிய குண்டுகளைக் கப்பலிலிருந்து சுடும் முறையை விளக்கி அவர் எழுதிய சிறுநூல் அதே 1828இல் வெளிவந்தது. கைத்திறனைத் தன்னோடு கொண்டுபோய்விடாமல் எழுதி வைத்துச் சென்ற அந்தச் செயலைத்தான், அவருடைய வெற்றிகளுக்கும் மேலாக நான் மதிக்கிறேன்.