அசல் இல்லாத வீடியோக்கள்

பெங்களூரில் ஒரு உண்மை சரிபார்ப்பு நிறுவனத்தின் தமிழ் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். என்ன வேலை என்று சொந்தக்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். "வாட்ஸ்அப்ல வர்றது பொய்யான்னு பாக்குறதுக்கெல்லாம் சம்பளம் தர்றாங்களாடி?" என்று அத்தை இன்னும் கேட்கிறார்.

நான் சேர்ந்த காலத்தில் வேலைக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. வீடியோ வந்தால் கீஃப்ரேம்களாக, அதாவது முக்கியமான தனித்தனிப் படங்களாக வெட்டுவோம். கூகுளில், ரஷ்யத் தேடுபொறி யாண்டெக்ஸில் ரிவர்ஸ் இமேஜ் சர்ச் போடுவோம்: படத்தையே கொடுத்து, அது முன்பு எங்கே வந்தது என்று தேடுவது. எங்கோ ஒரு மூலையில் அசல் அகப்படும். காவிரித் தகராறு தலைதூக்கினால் போதும், 2016 செப்டம்பரில் இங்கே கேபிஎன் பேருந்துகள் எரிந்த காட்சி "இன்று காலை பெங்களூரில்" என்று கிளம்பிவிடும். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் இருக்கும் நம் ஆட்களுக்கு ஊரிலிருந்து போன் மேல் போன். அந்த வருஷத்துச் செய்தியைப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் விஷயம் முடிந்தது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று பரவிய வீடியோக்களும் அப்படித்தான்: வேறு ஊர்களில், வேறு தகராறுகளில் எடுத்தவை.

தமிழ் டெஸ்க்குக்கென்றே ஒரு தலைவலி உண்டு, நியூஸ் கார்டு. ஏதாவது ஒரு சேனலின் டெம்ப்ளேட்டை அப்படியே எடுத்து, தலைவர் சொல்லாத வாக்கியத்தை உள்ளே போட்டுவிடுவார்கள். ஃபான்ட் கொஞ்சம் பிசகும், லோகோ மங்கும். சேனலின் டிஜிட்டல் பிரிவுக்கு ஒரு போன்: "சார், இந்த கார்டு உங்களோடதா?" பத்து நிமிட வேலை. இன்றும் எங்களுக்கு வருவதில் பெரும்பகுதி இந்த மாதிரிச் சில்லறைப் பொய்தான். செயற்கை நுண்ணறிவு வந்ததும் எல்லாமே டீப்ஃபேக், அதாவது ஏஐ செய்த போலி முகமும் குரலும் ஆகிவிட்டது என்று கருத்தரங்குகளில் பேசுகிறவர்கள், சந்தேகமானதை வாசகர்கள் அனுப்பும் எங்கள் டிப்லைனை ஒரு நாள் வந்து பார்க்கலாம்.

ஆனால் மீதியுள்ள சின்னப் பகுதிதான் எங்கள் தொழிலின் அடித்தளத்தை ஆட்டுகிறது. 2023 நவம்பரில் ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை இன்னொரு பெண்ணின் வீடியோவில் ஒட்டியபோது, அந்தப் பெண்ணின் அசல் வீடியோ கிடைத்தது. 2025 மே மாதம் இந்தியா–பாகிஸ்தான் மோதலின்போது, இரண்டு விமானங்களை இழந்துவிட்டோம் என்று பாகிஸ்தான் ராணுவச் செய்தித் தொடர்பாளர் ஒப்புக்கொள்வதுபோல ஒரு வீடியோ வந்தது. நம் ஊடகங்களே சில அதை எடுத்துப் போட்டன. அதற்கும் பழைய செய்தியாளர் சந்திப்பு ஒன்று அசலாக இருந்தது, குரலைத்தான் மாற்றியிருந்தார்கள். முழுக்க முழுக்க இயந்திரமே உருவாக்கிய காட்சிக்கு அப்படி எதுவும் கிடையாது. தேடினால் அதே பொய்யின் பிரதிகள்தான் வரும்.

அப்போது கண்டறியும் கருவிகளை நாடுகிறோம். ஒன்று "செயற்கையாக இருக்க 70 சதவீத வாய்ப்பு" என்று சொல்லும், மற்றொன்று "அசல்" என்று சொல்லும். வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி நசுங்கிய தமிழ் ஆடியோவுக்கு அந்தச் சதவீதத்தை எவ்வளவு நம்புவது? அமெரிக்காவின் பாயின்டர் இதழியல் நிறுவனம் 2015-ல் தொடங்கிய சர்வதேச உண்மை சரிபார்ப்பு வலையமைப்புக்கு ஒரு நெறிமுறைத் தொகுப்பு உண்டு. பாரபட்சமின்மை, நிதி வெளிப்படைத்தன்மை, திருத்தங்களை ஒளிக்காமல் சொல்வது எல்லாம் அதில் இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: நாம் செய்த சோதனையை வாசகர் தானே திரும்பச் செய்து பார்க்கும் அளவுக்கு ஆதாரம் தர வேண்டும். பழைய பேருந்து வீடியோவில் அது முடியும். ஒரு மென்பொருள் துப்பிய சதவீதத்தை வாசகர் எப்படிச் சோதிப்பார்? ஜோசியர் வாக்கை நம்பச் சொல்வதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

ஆடியோதான் மோசம். 2023 ஏப்ரலில், அப்போது தமிழ்நாட்டு நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன் பேசியதாக ஒலிப்பதிவு வெளியானபோது, அது புனையப்பட்டது என்று அவர் மறுத்தார். முதல் பதிவில் இரைச்சல் அதிகம். கேட்டுப் பார்த்த நிபுணர்களாலேயே அதைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இப்போது எந்த ஆடியோ வந்தாலும் சம்பந்தப்பட்டவரின் முதல் பதில் "அது ஏஐ". உண்மையான பதிவையும் இப்படித் தட்டிக்கழிக்க வழி பிறக்கும் என்று அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்கள் செஸ்னியும் சிட்ரானும் 2019-லேயே எழுதிவிட்டார்கள்.

இதனால் எங்கள் டெஸ்க்கில் "உறுதிப்படுத்த முடியவில்லை" என்றொரு முடிவு வேண்டும் என்று நான் சண்டை போட்டேன். "அதைப் படிக்க எதுக்கு நம்மகிட்ட வரணும்?" என்றார் எடிட்டர். கேள்வி நியாயமானதுதான். ஃபேஸ்புக், வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டா, எங்களைப் போன்ற நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்து உண்மை சரிபார்க்கச் சொல்லும் திட்டத்தை அமெரிக்காவில் நிறுத்துவதாக 2025 ஜனவரியில் அறிவித்ததிலிருந்து, இந்தியாவிலும் அந்தப் பணம் எத்தனை நாள் வரும் என்ற பேச்சு கேன்டீன் வரை வந்துவிட்டது. படிக்க ஆள் இல்லாத முடிவை எழுதுவது ஆடம்பரமாகத் தெரியும். இருந்தாலும், தெரியாததைத் தெரிந்ததாக எழுதினால் எங்களுக்கும் ஃபார்வர்ட் செய்கிறவருக்கும் என்ன வித்தியாசம்? கடைசியில் அந்த முத்திரை வந்தது. என்னென்ன சோதித்தோம், எங்கே நின்றுபோனோம் என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு.

புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் போன மழைக்காலத்தில் ஓடி வந்தான். சில்க் போர்டு மேம்பாலம் இடிந்து விழும் வீடியோ. "அக்கா, சாட்பாட்ல கேட்டேன், இது நிஜம்னு சொல்லுது."

"அது எங்க நின்னு பாத்துச்சாம்?"

அவன் சிரித்தான். 2025 மே மோதலில் கார்ட்டூம் விமான நிலையத்துப் பழைய வீடியோவைப் பாகிஸ்தான் விமானத் தளத்தின் மீதான தாக்குதல் என்று எக்ஸ் தளத்தின் சாட்பாட்டான க்ரோக் சொன்ன கதையை அவனுக்குச் சொன்னேன். பேச்சைத் தட்டச்சாக மாற்ற இயந்திரத்தைப் பயன்படுத்துவோம். சாட்சியாக அழைப்பதில்லை.

சில்க் போர்டு பக்கம் டீக்கடை வைத்திருக்கும் தர்மபுரிக்காரர் ஒருவரின் நம்பர் என்னிடம் இருந்தது. "அண்ணா, பாலம் இருக்கா?"

"இருக்கும்மா. டிராஃபிக்கும் அப்படியே இருக்கு."

அதை வைத்தே எழுதிவிடலாம் என்றான் தம்பி. எடிட்டர் விடவில்லை. போலீஸ் கன்ட்ரோல் ரூமில் கேட்டு, நேரில் படமும் எடுத்து வரச் சொன்னார். மழையில் ஆட்டோ கிடைக்கவில்லை. இந்திராநகரில் மெட்ரோ பிடித்து, மெஜஸ்டிக்கில் மாறி, ஆர்.வி. ரோட்டில் மறுபடி மாறிப் போனான். வீடியோவில் இருந்த அதே கோணத்தில் பாலத்தைப் படம் எடுத்து, நேரத்தோடு அனுப்பினான். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, வீடியோவில் பாலத்தின் மேலே மெட்ரோ பாதையே இல்லை.