அடைப்புக்குறிக்குள் ஒரு இடைவெளி

பத்து நிமிடம் முன்னால்தான் டீமக்ஸ் (ஒரே டெர்மினலில் பல திரைகளை ஓட்டும் புரோகிராம்) திறந்தேன். என் கண்காணிப்பு ஸ்கிரிப்ட்டோ அது சர்வர் பூட் ஆனதிலிருந்தே ஓடுவதாகச் சொன்னது. ராத்திரி அரை மணி நேரம் போனது அதைக் கண்டுபிடிக்க.

லினக்ஸில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்கும், கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) தரும் ப்ராக் அடைவில் ஸ்டாட் என்று ஒரு கோப்பு உண்டு. எல்லாம் ஒரே வரி. இரண்டாவது இடத்தில் பெயர், அடைப்புக்குறிக்குள். 22ஆவது இடத்தில் தொடங்கிய நேரம், பூட் ஆனதிலிருந்து எண்ணியது. நான் இடைவெளியை வைத்து வரியைப் பிரித்திருந்தேன். டீமக்ஸ் வைத்துக்கொள்ளும் பெயர் 'டீமக்ஸ்: சர்வர்', நடுவில் ஒரு இடைவெளி. எல்லாம் ஒரு இடம் தள்ளிப்போக, 21ஆவது எண் என் கைக்கு வந்தது. அது எப்போதும் பூஜ்ஜியம், அதாவது பூட் ஆன அதே நொடி.

பெயருக்குள் மூடும் அடைப்புக்குறியும் வரலாம். அதனால் வரியில் கடைசியாக வரும் மூடும் குறியைத் தேடி, அங்கிருந்து எண்ண வேண்டும்.

கெர்னல் இப்படி வரி கோத்துத் தரவே கூடாது என்பது என் கருத்து. அது மதிப்பைத் தரட்டும், அடுக்கிக் காட்டுவது, ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் மாதிரியான புரோகிராமின் வேலை. பழைய யூனிக்ஸில் பிஎஸ் கெர்னல் நினைவகத்தையே நேரடியாகப் படித்தது. உள்ளே ஒரு ஸ்ட்ரக்சர் மாறினால் பிஎஸ்ஸையும் மறுபடி கம்பைல் செய்யவேண்டி வந்தது. அந்தத் தொல்லைக்கு உரைக்கோப்பு நல்ல மருந்துதான். பிசிபாக்ஸ் (அடிப்படைக் கட்டளைகளின் சிறு தொகுப்பு) மட்டும் இருக்கும் சின்ன ரவுட்டரில், கோப்பை அப்படியே காட்டும் கேட் கட்டளையால், நினைவகக் கணக்கு இருக்கும் மெம்இன்ஃபோ கோப்பைப் பார்த்துப் பிழைத்திருக்கிறேன்.

ஆனால் அந்த மெம்இன்ஃபோவில் 'கேபி' என்று இருப்பது, முறைப்படி வரவேண்டிய 1000 அல்ல, 1024 பைட். திருத்த முடியாது, எத்தனையோ புரோகிராம்கள் அந்த எழுத்துகளையே நம்பி இருக்கின்றன. நெட்வொர்க் இணைப்புகளைக் காட்டும், ப்ராக்கில் உள்ள நெட் அடைவின் டிசிபி கோப்பில் 127.0.0.1 என்ற முகவரி, சாதாரண இன்டெல் கணினியில், பதினாறடிமான எண்ணாக, 0100007எஃப் என்று தலைகீழாக நிற்கிறது. மனிதருக்கும் ஆகாது, புரோகிராமுக்கும் வசதியில்லை. எஸ்எஸ் கட்டளை அதே விவரத்தை நெட்லிங்க் (கெர்னலோடு புரோகிராம்கள் பேசும் ஒரு வழி) மூலம் பைனரியாக வாங்கி, தானே அழகாக அடுக்கிக் காட்டுகிறது. கெர்னல் தரும் இன்னொரு கோப்பு அமைப்பான சிஸ்எஃப்எஸ்ஸின் 'ஒரு கோப்புக்கு ஒரு மதிப்பு' முறையும் எனக்குப் பிடிக்கும். பேட்டரியின் சார்ஜ் அளவுக் கோப்பைத் திறந்தால் 87 என்று மட்டும் வரும். பிரிக்க எதுவுமே இல்லை.

சரி, ஸ்கிரிப்ட்டைத் திருத்திவிட்டேன். சோதனைக்கு ') ஆர் 1 (' என்று பெயர் வைத்த ஒரு ப்ராசஸும் இப்போது அதில் ஓடுகிறது.